உன் பெயரில் இருபத்தேழு நாள்

திருவேற்காடு
24.9.2024

அலீனா,

கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. கவர் வாங்கி, ஸ்டாம்ப் ஒட்டி, பின்கோடு தேடி, அப்பப்பா! பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் கடிதம் எழுதும் கேள்விக்குக்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை. நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் அண்ணன் அஸ்கரைப் பூந்தமல்லியில் மடக்கிக் கேட்டேன். "அவ பழவேற்காட்ல எங்க மாமி ஊட்ல கீறா. போனை அலமாரில போட்டுட்டுப் போயிட்டா. உன் பேரை எடுத்தாலே எழுந்து போறாம்மா. வோணும்னா லெட்டர் போடு" என்றார். கிண்டலாகத்தான் சொல்லியிருப்பார். நான் முகவரியை வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு நடந்ததை நாம் பேசிக்கொள்ளவே இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

செப்டம்பர் 12, வியாழக்கிழமை, முதல் பீரியட். மனோகரன் சார் வழக்கம்போல வெள்ளைத் தாளைச் சுற்றுக்கு விட்டார். ரோல் நம்பர் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பெஞ்சில் இருந்த நான் என்னுடையதைப் போட்டேன், கையோடு உன்னுடையதையும் போட்டேன். காலேஜ் திறந்ததிலிருந்து நீ வராத நாளெல்லாம் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவி, அன்றைக்கு நீ வந்திருந்தாய்! பின்வாசல் வழியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய். தாள் உன்னிடம் வந்ததும் நீயும் போட்டுவிட்டாய். வராத நாளெல்லாம் தப்பித்து, வந்த நாளில் மாட்டினாய்.

சார் தலைகளை எண்ணினார். ஐம்பத்து நான்கு தலை, ஐம்பத்தைந்து கையெழுத்து, உன் ரோல் நம்பர் மட்டும் இரண்டு இடத்தில். உன்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டு, எது உன்னுடையது என்று கேட்டார். நீ காட்டினாய். முந்தின சில நாள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உன் கையெழுத்தே இல்லையேம்மா" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நீ ஐடி கார்டை எடுத்து நீட்டினாய். அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்த பிறகு அவர் முகம் மாறியது. "அப்போ இத்தனை நாளா இதையெல்லாம் போட்டது யாரு?" என்று கேட்டார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை.

இருபத்தேழு நாளை அடித்துவிட்டார்கள். இனி நீ தினமும் வந்தாலும் எழுபத்தைந்து சதவீதம் எட்டாதாம், பரீட்சை எழுத முடியாதாம், அடுத்த ஜூலையில் ஜூனியர்களோடு இதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டுமாம். இதை நோட்டீஸ் போர்டில்தான் பார்த்தேன்.

நான் தினமும் போகிறேன், வருகிறேன். அழுகை வரவில்லை. சாப்பாடு காகிதம் மாதிரி இறங்குகிறது. நீ எப்படி இருக்கிறாய்?

சிம்ரன்


பழவேற்காடு
30.9.2024

சிம்ரன்,

திருத்தம் ஒன்றுதான். "போட்டது யாரு" என்று சார் மூன்று முறை கேட்டார். நீ ஒரு முறை என்று எழுதியிருக்கிறாய்.

நான் ஏன் காலேஜுக்கு வரவில்லை என்று நீ கேட்டதில்லை. இப்போது கேட்காதே. காரணம் இல்லை. யாரும் சாகவில்லை. யாரும் திட்டவில்லை. காலையில் குளித்து, துப்பட்டா போட்டு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். ஆவடி பஸ் வரும். ஏற வேண்டும் என்று தெரியும். ஏற மாட்டேன். அடுத்த பஸ் வரும், அதுவும் போகும். பதினோரு மணிக்கு மேல் வீட்டுக்குப் போய் மத்தியானம் கிளாஸ் இல்லை என்று அம்மாவிடம் சொல்வேன். 12-ஆம் தேதி ஏன் ஏறினேன் என்றும் தெரியவில்லை.

அத்தா கடைக்கு வருபவர்களிடம், "புள்ள கொஞ்ச நாள் அவ மாமி ஊட்ல இருக்கட்டும்னு அனுப்பிச்சேன்" என்கிறாராம். அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

இங்கே மாமி இறால் உரித்துக் கொடுக்கும் வேலை எடுக்கிறார். நானும் உரிக்கிறேன்.

அலீனா


திருவேற்காடு
4.10.2024

அலீனா,

மூன்று முறைதான். எனக்கும் தெரியும்.

நான் அங்கே வரட்டுமா? ஒரு சனி, ஞாயிறு போதும். நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுதினால் சரியாக வராது, நான்கு தாள் கசக்கிப் போட்டுவிட்டேன். வீட்டில் நம் கிளாஸ் ஜோதிகா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். உன் மாமி என்னை விரட்டுவாரா? முன்கூட்டியே சொல்லிவிடு, அதற்கேற்ற செருப்பு போட்டுக்கொண்டு வருகிறேன்.

சிரித்தாயா? இல்லை, தெரியும்.

சிம்ரன்


பழவேற்காடு
9.10.2024

சிம்ரன்,

வந்தால் வா. பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கிறது. 19-ஆம் தேதி சனிக்கிழமை இங்கே காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று அறிவித்திருக்கிறார்கள். உன் சிம்முக்கு டவரும் கிடைக்காது. போரடிக்கும். அப்புறம் என்னைச் சொல்லாதே.

மாமி யாரையும் விரட்ட மாட்டார். எதுவும் கேட்கவும் மாட்டார். நான் வந்த அன்றைக்கு, "தலகாணி உசரமா வோணுமா, தாழவா?" என்று மட்டும்தான் கேட்டார்.

அலீனா


திருவேற்காடு
22.10.2024

அலீனா,

ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. எனக்கு என்னவோ ஆகியிருக்கிறது. உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்றுக் காலை அம்மா எழுப்பாமல் எழுந்தேன். "இன்னாடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதே ஷேர் ஆட்டோ, பின்சீட்டில் அதே நான்கு பேர் நசுக்கல், அதே டிரைவர் "உள்ள தள்ளி குந்துமா, இன்னும் ஒரு ஆளு வரும்" என்கிறார். எரிச்சலே வரவில்லை. பருத்திப்பட்டு ஏரியில் போன வார மழைத் தண்ணீர் தளும்ப நிற்கிறது. தினமும் அந்தப் பக்கமாகத்தான் போகிறேன், நேற்றுத்தான் பார்த்தேன். கேன்டீன் லெமன் சாதத்துக்கு நீ 'மஞ்சள் சிமெண்ட்' என்று பெயர் வைத்தாயே, அது ருசித்தது! இரண்டாவது தடவை வாங்கினேன். கேன்டீன் தாயம்மா அக்கா, "இன்னாம்மா, இன்னிக்கி தட்டை வழிச்சி வெச்சிகீற" என்று சிரித்தார். மனோகரன் சார் நடத்திய ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புரிந்தது. ஒரு மாதமாக அவர் வாயை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நேற்று இரண்டு பக்கம் நோட்ஸ் எழுதினேன்.

எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் இறால் வாடை போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஜோதிகா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மீன் மார்க்கெட்ல பார்ட் டைம் சேந்துக்கினியா?" என்றாள். கையை அவள் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவள் அலற, நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

யோசித்துப் பார்த்தால் அங்கே நாம் ஒன்றுமே செய்யவில்லை. கரண்ட் இல்லை. மாமி இரண்டு பேசின் இறாலை நடுவில் வைத்து, "சும்மா குந்திகினு இருக்காதீங்க, கைக்கு வேலை குடுங்க" என்றார். மூன்று மணி நேரம் உரித்தோம். நான் நான்கு இறால் உரிப்பதற்குள் நீ பத்து உரித்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டதும் பாயில் படுத்தேன், எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம். நீ உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாய். செப்டம்பர் 12-க்குப் பிறகு நான் அப்படித் தூங்கியது அன்றைக்குத்தான்.

உன்னைத் தேற்ற வந்தவள் நான். வந்த வேலையை விட்டுவிட்டு நான் தேறிக்கொண்டு வந்திருக்கிறேன். இது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. ஆனாலும் உனக்குத்தான் சொல்லத் தோன்றியது.

சிம்ரன்


பழவேற்காடு
26.10.2024

சிம்ரன்,

நன்றாக இரு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று எழுதினாய். சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை காத்திருந்தேன். மாமி கடைக்குப் போனபோது சொல்வாய் என்று நினைத்தேன். பஸ் ஏறும்போது சொல்வாய் என்று நினைத்தேன். ஜன்னலிலிருந்து கை ஆட்டினாய். பஸ் போய்விட்டது.

நீ சொல்லவில்லை, நானாவது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வகுப்பில் நீ எழுந்து நிற்காததுகூட அப்புறம்தான். மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் காலேஜிலிருந்து வீட்டுக்கு மெசேஜ் போகும் என்பது உனக்குத் தெரியும். ஜோதிகாவுக்கு அம்மை போட்டபோது போனது. எனக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு நினைப்பேன், இன்றைக்கு யாராவது கூப்பிடுவார்கள், "ஏம்மா வரலை?" என்று கேட்பார்கள் என்று. யாரும் கூப்பிடவில்லை. நான்தான் தினமும் வகுப்பில் இருந்தேனே, உன் கையெழுத்தில்.

நீயும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டதோடு உன் கடமை முடிந்துவிட்டது. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பாய். அது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் உன்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

ஜூலையில் திரும்பி வருவேனா என்று அம்மா கேட்டு அனுப்பினாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். இங்கே காலையும் மாலையும் ஒன்றாக இருக்கிறது. நீ இங்கிருந்து கொண்டுபோன அந்தத் தெம்பு இன்னும் இருக்கிறதா, இல்லை போய்விட்டதா?

அலீனா


திருவேற்காடு
4.11.2024

அலீனா,

உன் கடிதம் 29-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. கேட்டாயே, தெம்பு இருக்கிறதா என்று. அதற்குள் முக்கால்வாசி கரைந்துவிட்டிருந்தது. அன்றைக்கு லெமன் சாதம் மறுபடி சிமெண்ட். ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஆளின் முழங்கை இடித்ததற்குச் சண்டை போட்டேன். இன்னும் இரண்டு நாளில் மிச்சமும் போய்விடும், பழையபடி தலையைக் குனிந்துகொண்டு நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று எனக்கே தெரிந்தது. மறுநாளே சாரைப் பார்க்கக் கிளம்பினேன்.

புதன்கிழமை, தீபாவளி லீவுக்கு முந்தின நாள். ஸ்டாஃப் ரூமில் மனோகரன் சார் யாரோ கொடுத்த ஸ்வீட் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தார். "எடுத்துக்கோம்மா" என்று நீட்டினார். நான் எடுக்கவில்லை. "சார், அலீனா கையெழுத்தைப் போட்டது நான்தான்" என்றேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது. உன்னிடம் இரண்டு நாள் வராத வார்த்தை அந்த மனுஷனிடம் வந்தது பார்.

அவர் ஒரு தாளைத் தள்ளினார். "போட்டுக் காட்டு." போட்டேன். அலீ என்று ஆரம்பித்து அடியில் கோடு இழுப்பது வரை அப்படியே விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கே எழுந்து நின்னிருக்கலாமேம்மா" என்றார். பயந்துவிட்டேன், அலீனா. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. முதல் தடவை கேட்டபோது பயம். இரண்டாவது தடவை, முதல் தடவையே எழுந்திருக்கவில்லையே என்ற பயம். மூன்றாவது தடவை உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எச்.ஓ.டி. எத்திராஜ் சாரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் ரூல் புத்தகத்தையே எடுத்து வைத்துவிட்டார். வேறொருவருக்காகக் கையெழுத்துப் போட்டால், போட்ட நாளெல்லாம் போட்டவருக்கும் ஆப்சென்ட். எனக்கும் இருபத்தேழு போயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், நானும் எழுபத்தைந்தைத் தொடமாட்டேன். உன் நாள்களைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு வரலியேம்மா, வராத நாளை நான் எங்கேருந்து குடுக்கறது?" என்றார்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இன்னாடி பண்ணி வெச்சிகீற? உன்னை யாரு அதைப் போய் சொல்லச் சொன்னது?" என்று கத்தினார். அம்மா அழுதாள். தீபாவளி அன்றைக்கு எங்கள் வீட்டில் வெடி வெடிக்கவே இல்லை.

உன்னைத் தேடாததுதான் பெரிய தப்பு. அதற்கு எந்த ரூலும் இல்லை, அடித்துக் கழிக்க. மன்னித்துவிடு என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அதையும் உன் சார்பில் நானே போட்டுக்கொள்வது மாதிரி இருக்கிறது. நீயாகச் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.

சிம்ரன்


பழவேற்காடு
11.11.2024

சிம்ரன்,

உன்னை யார் கேட்டது? நான் கேட்கவில்லை. ஒரு வருஷம் போனது என்னோடு போகட்டும் என்று இருந்தேன். இப்போது உன் அம்மா அழுததையும் நான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

மாமியிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு உரிச்ச இறால்ல பாதிக்குத் தலையே எடுக்கல, நான்தான் திரும்ப உக்காந்து எடுத்தேன். ஆனா நல்ல பொண்ணுதான்" என்றார்.

எனக்கு இப்போது எழுதப் பிடிக்கவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

அலீனா


திருவேற்காடு
12.5.2025

அலீனா,

எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. இது ஃபாரம் மட்டும். மறுசேர்க்கைக்கு இரண்டு வாங்கினேன். ஒன்றை நான் கொடுத்துவிட்டேன். கடைசித் தேதி ஜூன் 6.

பூந்தமல்லியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம். நீ உட்காரும் இடம் கடையிலிருந்து தெரியும்.

சிம்ரன்


பூந்தமல்லி
7.6.2025

சிம்ரன்,

நேற்று ஃபாரத்தைக் கொடுத்துவிட்டேன். கடைசித் தேதியில்தான்.

எனக்கு நல்லாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பழவேற்காட்டில் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தேன். நீ இரண்டு நாளில் எடுத்துக்கொண்டு போனது எனக்கு அத்தனை மாதத்திலும் கிடைக்கவில்லை. சில பேருக்கு அப்படித்தான் போல. ஆனால் கிளம்பும்போது மாமி சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ரயிலில் பிரித்தேன். பசித்துத்தான் சாப்பிட்டேன். அதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலையில் பஸ் ஸ்டாண்டில் என் இடத்தில் உட்கார்ந்தேன். முதல் பஸ் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. எதிர்ப்பக்கம் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. நீ கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்துவிட்டாய். நீ ஓடி வருவாய் என்று பயந்தேன். நீ வரவில்லை. துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாய். மூன்றாவது பஸ்ஸில் ஏறினேன். நீ நின்றது நல்லதாகப் போயிற்று.

ஃபாரத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து. மூன்றும் மூன்று மாதிரி வந்தது. எத்திராஜ் சார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இதுல எதும்மா உன்னோடது?" என்று கேட்டார். மூன்றும்தான் சார் என்றேன்.

வகுப்பு ஜூலை ஒன்றாம் தேதி. எல்லாரும் நம்மைவிடச் சின்னதுகள், "அக்கா" என்று கூப்பிட்டு உயிரை எடுப்பார்கள். எனக்கு உன் பக்கத்தில் இடம் போட்டு வை. சில நாள் வருவேன். சில நாள் வர மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். தாள் வரும்போது உன் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் பின்னால் தள்ளிவிடு. நான் வராத நாள் வராத நாளாகவே இருக்கட்டும். வீட்டுக்கு மெசேஜ் போகட்டும். நீ சாயங்காலம் கடைக்குப் போகும் வழியில் வந்து கதவைத் தட்டு.

அலீனா